பலகை என்று நாங்கள் கூப்பிட்டவள்

திண்டுக்கல்லில் கல்லூரியில் படித்தபோது அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பலகை. நிஜப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மறுநாளே போன் வரும். "ஏனுங்க, எம் பேரப் போடாம உங்களால ஒண்ணு எழுத முடியாதுங்களா?" என்று கேட்பாள். திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அவள் மரியாதை கொடுத்துத் திட்டுவாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரி. வீட்டில் தென்னையும் மக்காச்சோளமும். பழனியைத் தாண்டினால் பேச்சே மாறிவிடும். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி 'வாடி, போடி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், அவள் மட்டும் கூடப் படிக்கிறவர்களையும் 'வாங்க, போங்க' என்பாள். விடுதி வாசலை மறித்துப் படுத்திருக்கும் செவலை நாயிடம், "சித்த நகருங்க" என்று சொல்லி, அது நகரும் வரை நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

"ஏண்டி, எனக்கும் ஒனக்கும் ஒரே வயசுதான? என்னய எதுக்குடி வாங்க போங்கங்குற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வாயி பழகிருச்சுங்க. நீங்க வேணா காதுல வாங்காம இருந்துக்கங்க."

பலகை என்ற பெயர் வந்தது முதல் வருடம், கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பி.டி. மேடத்தின் சட்டம். அறைக் கதவில் உடற்கல்வி இயக்குநர் என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அவர் பி.டி. மேடம். சிறுமலைப் பக்கம் வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் ரவுண்டு ஓடிக்கொண்டிருந்தோம். நாலாவது சுற்றில் பார்க்கிறேன், ஓரத்து வேப்பமரத்தடியில் ஒருத்தி குப்புறக் கிடக்கிறாள். மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள் என்று நினைத்து மேடம் தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். பின்னாலேயே நாங்களும் ஓடினோம்.

கிட்டப் போய்ப் பார்த்தால் அவள் உடம்பு தரையில் படவே இல்லை. இரண்டு முழங்கைகளும் கால்விரல்களும் மட்டும் மண்ணில் ஊன்றியிருந்தன. தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. முதுகில் ஒரு டம்ளர் காப்பியை வைத்தாலும் தளும்பாது.

"பிராக்டிஸ் நேரத்துல என்னம்மா படுத்துக் கெடக்குற?" என்றார் மேடம்.

"படுக்கலீங்க மேடம். நின்னுட்டிருக்கறனுங்க."

"ஒன்னோட ரவுண்டு?"

"முடிச்சுட்டனுங்க."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தப் பயிற்சிக்கு இங்கிலீஷில் பிளாங்க் என்று பெயர்; அன்று சாயங்காலத்துக்குள் அவள் பலகையாகிவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. யாராவது "பலகே!" என்று கத்தினால் "வந்துட்டனுங்க" என்று வந்து நிற்பாள்.

நான் ஈட்டி எறிகிறவள். பள்ளிக்கூடத்திலேயே மாவட்ட அளவில் பரிசு வாங்கியிருந்தேன். என் பலம் முழுக்க வலது கையில் என்று எனக்கு ஒரு நினைப்பு. சட்டைக் கையை மடக்கிவிட்டுத்தான் நடப்பேன். கல்லூரியில் ஈட்டிக்கு நான் ஒருத்திதான் என்று இருந்தபோது, மேடம் ஒரு நாள், "பலகையும் ஈட்டிதானாம்ல. ரெண்டு பேரும் ஆளுக்கு மூணு எறிங்க, பாப்போம்" என்றார்.

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். என் வளையல் அவளுக்கு இரண்டு சுற்றுச் சுற்றும். மனசுக்குள் சிரித்துக்கொண்டே எறிந்தேன். என் மூன்றில் நல்லது நாற்பது மீட்டர்க் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் குத்தி நின்றது. அவள் ஓடி வந்ததில் ஒரு வேகமும் தெரியவில்லை. இடது காலை ஊன்றினாள். ஒரு நொடி உடம்பு வில் மாதிரி பின்னால் வளைந்து நின்றது. ஈட்டி எப்போது கையை விட்டுப் போனது என்றே நான் பார்க்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சாய்ந்து நின்றது. மூன்று தடவையும் அப்படியே.

எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "கையில ஒண்ணுமே இல்லயேடி. எங்கருந்துடி போகுது அம்புட்டுத் தூரம்?"

அவள் யோசித்தாள். பதில் சொல்வதற்கு முன்னால் நிஜமாகவே யோசிக்கிற ஆள் அவள்.

"எங்க தோட்டத்துல தென்னைக்குச் சொட்டு நீர்க் குழாய் போட்டிருக்குதுங்க. மோட்டாரு கெணத்துக்கிட்ட. கடைசி மரம் அந்தக் கோடியில. நடுவுல ஒரு எடத்துல எலி கடிச்சு ஓட்டை போட்டுருச்சுன்னா, மோட்டாரு என்னதான் ஓடுனாலும் கடைசி மரத்துக்குத் தண்ணி வராதுங்க. காலுதான் மோட்டாரு. கை கடைசி மரம். நான் ஓட்டையத்தான் அடைக்கறனுங்க."

"வயித்துலயா ஓட்டை?"

"வயிறு, இடுப்பு, நடு முதுகு, எல்லாந்தான். நடு நிக்கோணுங்க. அது நின்னாப் போதும்."

எனக்குப் புரிந்தது. ஆனால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஒரு வருடம் ஒத்துக்கொள்ளாமலே இருந்தேன்.

இந்த 'நடு'வை அவள் மைதானத்தோடு விட்டுவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. வத்தலக்குண்டில் ஒரு போட்டிக்குப் போனோம். ஈட்டிகளைப் பார்த்ததும் கண்டக்டர், "இத எங்கம்மா ஏத்துறது, யாரு கண்ணையாவது குத்திப்புட்டா?" என்று சண்டை போட்டார்; கடைசியில் சீட்டுகளுக்கு அடியில் நீளவாக்கில் படுக்க வைத்தோம். பஸ்ஸில் நிற்கவே இடம் இல்லை. அவள் கையில் எங்கள் எல்லோருக்குமான மோர் இருந்தது, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு தூக்குவாளியில். பக்கத்தில் கம்பி இருக்கிறது, பிடிக்க மாட்டாள். கால்களை அகட்டி ஊன்றி, இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கம்பியப் புடிடி, விழுந்து தொலையாத."

"இதும் பிராக்டிஸ்தானுங்க."

செம்பட்டி தாண்டி ஒரு வளைவில் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். நின்றிருந்த எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். மேடம் ஒரு பெரியவரின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் கண்டக்டரின் பையைப் பிடித்துத் தொங்கினேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால், அவள் வைத்த கால் வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். வாளியின் விளிம்பில் ஒரு சொட்டு மோர் வழிந்திருந்தது. அதைச் சுண்டுவிரலால் வழித்து நக்கிக்கொண்டாள்.

கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, ஒன்னய மட்டும் பஸ்ஸோட வச்சு ஸ்குரூ போட்டு முடுக்கிட்டாய்ங்களா?"

இரண்டாம் வருடம் மழைக்கு முந்தின மாதத்தில் எனக்கு முதுகு போனது. அவளைத் தாண்ட வேண்டும் என்ற வெறியில் நாளுக்கு அறுபது, எழுபது முறை எறிந்துகொண்டிருந்தேன். இன்னும் பின்னால் வளைந்தால் இன்னும் தூரம் போகும் என்று ஒரு கணக்கு. ஒரு நாள் எறிந்து முடித்தபோது இடுப்புக்கு மேலே யாரோ கொக்கி போட்டு இழுத்தது போல இருந்தது. அப்படியே மண்டியிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அவளும் மேடமும் சேர்ந்துதான் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

படமெடுத்துப் பார்த்த டாக்டர் எலும்பில் ஒன்றும் இல்லை என்றார். தசை பிடித்துக்கொண்டிருக்கிறது, வலி குறைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி செய்யலாம், நடு உடம்பைப் பலப்படுத்தாமல் ஈட்டியைத் தொட வேண்டாம் என்றார். என் அம்மாவுக்கு அதில் கடைசி மூன்று வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. அம்மா டவுனில் ஒரு பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய் வந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஈட்டியும் வேணாம், ஒரு எழவும் வேணாம். பேசாம படிச்சு ஒரு பி.எட்.டப் போட்டு வேலைக்குப் போ."

நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது முடிந்தது என்று நினைத்தேன்.

வலி கொஞ்சம் அடங்கிய பிறகு ஒரு நாள் காலை, யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளில் அவள் வந்து இறங்கினாள். நான் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய் வருகிறவள்; அவள் விடுதியிலிருந்து எங்கள் வீடு நல்ல தூரம்.

"டாக்டரு என்னுங்க சொன்னாரு?"

சொன்னேன்.

"அப்ப எந்திரிங்க. பாயை விரிங்க."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அவ முதுகு என்ன ஆகுறது?"

"முதுகுக்குத்தானுங்க டீச்சர். நீங்க பக்கத்துல ஒக்காந்து பாருங்க. வலிக்குதுன்னு சொன்னாங்கன்னா அந்த நிமிசம் நிறுத்திப்போடலாம்."

பலகை முதலில் கிடையாது. மல்லாக்கப் படுக்க வைத்தாள். கையையும் காலையும் மேலே தூக்கி மடக்கச் சொன்னாள், கவிழ்ந்து கிடக்கும் கரப்பான் பூச்சி மாதிரி. இடுப்பு பாயை விட்டு எழும்பக் கூடாது. ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் மெதுவாக நீட்டி, மடக்க வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. நாலாவது தடவையே என் இடுப்பு பாயை விட்டு எழும்பிவிட்டது. தன் உள்ளங்கையை என் முதுகுக்கும் பாய்க்கும் நடுவில் விட்டுப் பார்த்தாள். "எங்கையி உள்ள போவுது பாருங்க. போவக் கூடாது. போதும்."

"இன்னும் ஆறு இருக்கேடி."

"நடு விட்டதுக்கு அப்பறம் செய்யறது கணக்குல வராதுங்க. நாளைக்கிப் பாத்துக்கலாம்."

நான் போனில் நேரம் வைத்துக்கொண்டு பலகை நிற்க ஆசைப்பட்ட நாட்களிலும் இதே கதைதான். போனைப் பிடுங்கித் திருப்பி வைத்துவிடுவாள். அவள் பார்ப்பது என் இடுப்பை மட்டும். அது தொங்கிய கணம், "எந்திரிங்க" என்பாள். ஒரு நாள் பத்து நொடியிலேயே எழுப்பிவிட்டாள். கோபத்தில் அன்று அவளுக்கு நான் இட்லி எடுத்து வைக்கவில்லை. அம்மா வைத்தார்.

ஒன்றரை மாதம், ஞாயிறு தவிர, தினமும் வந்தாள். பாதியில் அம்மாவும் பக்கத்தில் ஒரு பாயை விரித்துவிட்டார். நாளெல்லாம் கரும்பலகை முன் நின்று நின்று அவருக்கும் இடுப்பு வலி. சேலையைச் செருகிக்கொண்டு கரப்பான் போட ஆரம்பித்த முதல் நாள் அப்பா பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். இரண்டு வாரம் கழித்து அம்மா அவளிடம் ரகசியமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "ஏத்தா, நேத்து நாலு பீரியடு நின்னேன். வலியக் காணோம்." பிறகு என்னிடம், "சரி, மெதுவா எறிஞ்சு பாரு" என்றார். வீட்டுக்குள் ஈட்டி திரும்பி வந்தது அப்படித்தான்.

இதில் நான் முட்டாளாகவும் ஆனேன். உடம்பு இறுகியதும் தினமும் விடுதி முற்றத்தில் நிமிடக் கணக்கில் பலகை நின்றேன். விடுதிப் பிள்ளைகள் கூடி நின்று எண்ணுவார்கள். இனி ஈட்டி தானாகப் பறக்கும் என்று நம்பினேன். திரும்பவும் மைதானத்தில் இறங்கி எறிந்தால், பழைய தூரத்தையே தொடவில்லை. முதுகு வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஏமாத்திட்டியேடி!" என்றேன்.

"இத மட்டும் செஞ்சா ஈட்டி போவும்னு நான் எப்பங்க சொன்னேன்? ஓட்டைய அடச்சாச்சு. இனி மோட்டாரப் போடோணுமில்ல?"

அதன் பிறகுதான் நிஜமான வேலை. கால்களுக்குத் தனியாக, ஓட்டத்துக்குத் தனியாக. மேடத்தின் ஸ்டோர் ரூமில் தையல் பிரிந்த ஒரு கனமான தோல் பந்து கிடந்தது. அதைத் தைத்து எடுத்து, சுவரைப் பார்த்துத் தலைக்கு மேலிருந்தும், பக்கவாட்டில் இடுப்பைத் திருப்பியும் எறிவோம். பிடித்துத் திரும்ப எறிவோம். மூன்று மாதம் போயிருக்கும். ஒரு காலை ஓடி வந்து இடது காலை ஊன்றினேன். இடுப்பு முன்னால் போய் நின்றது. வயிறு இறுகியது. நெஞ்சும் தோளும் ஒன்றன் பின் ஒன்றாகத் தானாக வந்தன. கை கடைசியில் சும்மா கூடப் போனது போல இருந்தது. ஈட்டி நாற்பது மீட்டர்க் கோட்டைத் தாண்டி விழுந்த சத்தம் கேட்டது.

அவள் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள். "ஏனுங்க! வந்துருச்சுங்க!"

எனக்கு வந்ததற்கு அவள் குதித்த குதியை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். என்னைத் தவிர அவளுக்குப் போட்டியே கிடையாது அப்போது.

மூன்றாம் வருடம் நத்தத்தில் ஒரு போட்டி. உடை மாற்றுவதற்கு ஒரு வகுப்பறையைக் கொடுத்திருந்தார்கள். அவள் எப்போதும் எல்லோரும் போன பிறகுதான் மாற்றுவாள். நான் மறந்துவிட்ட துண்டை எடுக்கக் கதவைத் தள்ளினேன். அவள் முதுகைக் காட்டி நின்றாள். முதுகெலும்பு நேராக இறங்கவில்லை. தோள்பட்டைக்குக் கீழே வலது பக்கமாக வளைந்து ஒதுங்கி, இடுப்புக்கு மேலே மறுபடி நடுவுக்கு வந்தது. ஒரு தோள்பட்டை எலும்பு மற்றதைவிடப் புடைத்திருந்தது.

அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பினாள். கோபப்படவில்லை.

"ஏழாவது படிக்கறப்ப யூனிபாரம் தெச்ச டெய்லருதான் மொதல்ல கண்டுபுடிச்சாருங்க. எத்தனவாட்டி அளவெடுத்தாலும் ஒரு பக்கம் மேல ஏறுது, பாப்பாவ டாக்டருகிட்டக் காட்டுங்கன்னு அப்பாகிட்டச் சொன்னாரு. பழனியில ஆசுபத்திரில ஒரு அக்கா, மாத்திரச் சீட்டுக்குப் பின்னால அஞ்சு பயிற்சி எழுதிக் குடுத்தாங்க. வளைவு போவாது, ஆனா சுத்தியிருக்கற சதை புடிச்சு நிறுத்திச்சுன்னா வலி இருக்காது, நீ என்ன வேணும்னாலும் வெளையாடுன்னாங்க. அன்னிக்கிருந்து செய்யறனுங்க."

"ஒரு நாளும் விட்டதில்லயா?"

"விட்டா வலிக்குமுங்க."

நாங்கள் இரண்டு வருடம் கேலி செய்த நேர்க்கோட்டை அவள் தினமும் தன் கையால் இழுத்து இழுத்து நிறுத்தியிருக்கிறாள். "யாருகிட்டயும் சொல்ல வேண்டாமுங்க" என்றாள். நான் சொல்லவில்லை. அன்றைய போட்டியில் அவள்தான் முதல்.

படிப்பு முடிகிற சமயத்தில் சீருடைப் பணி ஒன்றுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்தார்கள். பெண்கள் ஈட்டிக்கு ஒரே இடம். வெளியூரில் தேர்வு. இருவரும் போனோம். களத்தில் அவள் முதலாவது, நான் இரண்டாவது. வித்தியாசம் ஒரு சாண் இருக்கும். மறுநாள் மருத்துவப் பரிசோதனை. எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் தேறிவிட்டால் நான் வீட்டுக்குப் போகலாம்.

நீளமான வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நான் ஜெபம் செய்தேன். டாக்டர் அவள் முதுகைப் பார்க்கக் கூடாது என்று வேண்டினேனா, பார்க்கட்டும் என்று வேண்டினேனா? இரண்டும் வாயில் வந்தது. எது மனசில் இருந்தது என்பது அந்த நேரத்திலேயே எனக்குத் தெரியும்.

அரை மணி நேரத்தில் வெளியே வந்தாள். கையில் ஒரு தாள். "முதுகெலும்பு வளைவுக்கு விதியில எடமில்லையாமுங்க. அந்த டாக்டரம்மா ரெண்டுவாட்டி படத்தப் பாத்தாங்க. இதோட எப்புடிம்மா இந்தத் தூரம் எறிஞ்சேன்னு கேட்டாங்க. பாவம், அவங்களுக்கே கஷ்டமாப் போச்சு. அடுத்து உங்களத்தான் கூப்புடுவாங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

நான் உடைந்து அழுதுவிட்டேன். வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள்.

"அழுவாத புள்ள. போ. போயி ஒழுங்கா நில்லு."

அத்தனை வருடத்தில் அவள் என்னிடம் 'போங்க' என்னாமல் 'போ' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

வேலை எனக்குக் கிடைத்தது. அன்று மத்தியானம் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த ஓட்டலில் அவள் முழுச் சாப்பாடு சாப்பிட்டு, ரசத்துக்கு இன்னொரு முறை சோறு வாங்கினாள். நான் இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பயிற்சி, பணி, ஊர் ஊராகப் போட்டி. அவள் போன் செய்வாள். நான் எடுப்பேன், இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவேன். அவள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். லீவு கேட்கவே இல்லை. நான் போட்டிருக்கும் சீருடை அவளுடையது என்ற நினைப்பு சட்டையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவளுடைய அஞ்சு பயிற்சிகளையும் தினமும் செய்தேன். முதுகு வலி ஒரு நாளும் வந்ததில்லை. அதுவே கூடக் குத்தும்.

போன தை மாதம் லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ளயப் போயிப் பாத்துட்டு வா. பாக்கலேன்னா நான் போறேன்." எட்டு வருடம் ஆகியிருந்தது. பழனியில் இறங்கி வேறு பஸ் பிடித்தேன். ஊருக்குள் போகும் ரோடு பிரியும் விலக்கில் ஒரு பைக்கோடு நின்றிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், வெயிலில் கறுத்திருந்தாள். நிற்பது மட்டும் அப்படியே.

"வாங்க, வாங்க! டீச்சர் சௌக்கியங்களா? இன்னும் கரப்பான் போடறாங்களா?"

வீட்டுக்காரர் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அவளுடைய தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். டிராக்டர் அவள்தான் ஓட்டுகிறாளாம். "அந்த ஆட்டத்துல எங்கூட்டுக்காரரு ஒரு மணி நேரம் ஓட்டுனா இடுப்பப் புடிச்சுக்குவாருங்க. நான் நாளெல்லாம் ஓட்டுவேன்." வருடத்துக்கு ஒருமுறை மாவட்டத்தில் எல்லோருக்குமாக நடக்கும் தடகளப் போட்டிக்குப் போவாளாம். சுவரில் பதக்கங்கள் வரிசையாகத் தொங்கின. வரிசையின் கடைசியில் இருந்தது போன வருடத்தது.

சாப்பிட உட்காரும் முன் சொல்லிவிட்டேன். அந்த வராந்தாவில் நான் வேண்டியதை. எட்டு வருடம் அதைச் சுமந்ததை. ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் யோசித்தாள். வழக்கம்போல நிஜமாகவே யோசித்தாள்.

"நான் உள்ள போறப்பவே எனக்குத் தெரியுமுங்க, எடுக்க மாட்டாங்கன்னு. விதி என்னன்னு முன்னாடியே கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்பறம் எதுக்குடி வந்த?"

"நல்ல களம், நல்ல ஈட்டி, சரியா அளக்கற ஆளுங்க. எத்தனை தூரம் போவுதுன்னு ஒருவாட்டியாச்சும் பாக்கோணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன். உங்களவிட ஒரு சாண் சேத்தி." சிரித்தாள். "நீங்க வேண்டுனதுக்கு என்னுங்க? நானா இருந்தாலும் அந்தப் பெஞ்சுல ஒக்காந்து அதையேதான் வேண்டியிருப்பேன். இதுக்காங்க என் கல்யாணத்துக்கு வரல?"

அவள் சோற்றைப் பரிமாறிவிட்டு, "சாப்டுங்க, சாயங்காலம் வேலையிருக்குது" என்றாள்.

வேலை என்னவென்று சாயங்காலம்தான் தெரிந்தது. மக்காச்சோளம் அறுத்து முடித்த காடு வெறுமையாகக் கிடந்தது. வீட்டுப் பரணிலிருந்து இரண்டு ஈட்டிகளைக் கொண்டு வந்தாள். ஓடி வருவதற்கு ஒரு பாதையைத் தட்டிச் சமன் செய்து வைத்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு எறிந்தேன். சர்வீஸில் இருக்கிறவள், தினமும் பயிற்சி செய்கிறவள், நன்றாகவே போனது. பாதிக் காட்டைத் தாண்டிக் குத்தி நின்றது.

அவள் புடவைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டாள். மெதுவாக ஓடி வந்தாள். காலை ஊன்றினாள். ஈட்டி மேலே போய், வெயிலில் ஒரு தடவை மின்னி, என்னுடையதைத் தாண்டி, வரப்பையும் தாண்டி, பக்கத்துக் காட்டில் போய் விழுந்தது.

அங்கிருந்து ஒரு குரல். "யாரது? ஏம் புள்ள, போன வாரந்தான சொன்னேன்! சின்ன வெங்காயம் நட்டிருக்குது, இங்க எறியாதேன்னு!" தலையில் துண்டு கட்டிய ஒருவர் மண்வெட்டியோடு வரப்பில் ஏறினார்.

"நானில்லீங்கண்ணா!" என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "இவங்கதான். திண்டுக்கல்லுல இருந்து வந்திருக்காங்க. பெரிய வீராங்கனை."

அவர் என்னைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார். தூரத்தைக் கண்ணால் அளந்தார். "நீங்களாம்மா? அங்கிருந்தா?"

அவள் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே, நாந்தான்" என்றேன். "தெரியாம வந்து விழுந்துருச்சு. மன்னிச்சுக்கங்க."

அவர் வெங்காயப் பாத்திகளுக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது, நாற்று நட ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நான் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டேன். அதற்குள் அவள் வரப்பைத் தாண்டி, ஈரப் பாத்திகளின் நடுவே ஒரு வெங்காயத் தாள்கூட மிதிபடாமல் கால் வைத்து வைத்து நடந்து, ஈட்டியைப் பிடுங்கி, அதன் முனையில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.